சீனாக்காரர் கடையில் வஜ்ரம்

சவுரியம்மாளுக்கு ஆம்பூரில் இரண்டு விஷயத்தில் பேர். ஒன்று அவளுடைய நாக்கு. மற்றது அவளுடைய வாய்.

நாக்கைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். வாய் தானாகவே பின்னால் வந்துவிடும். அவள் கூலி வேலை பார்த்த தோல் கம்பெனியில் ஆவாரம்பட்டை ஊறும் குழிகள் பன்னிரண்டு இருந்தன. பட்டைத் தண்ணீரில் துவர்ப்பு போதுமான அளவு ஏறிவிட்டதா என்று பார்க்க அந்தக் காலத்தில் மீட்டரும் கிடையாது, மண்ணாங்கட்டியும் கிடையாது. விரலை நனைத்து, நாக்கில் வைத்துப் பார்த்து, துப்ப வேண்டியதுதான். சுண்ணாம்புக் குழியில் ஊறிய தோலைக் கழுவும்போதும் அப்படியே. சுண்ணாம்பு முழுக்கப் போய்விட்டதா என்று கழுவின தண்ணீரை நாக்கில் வைத்துத்தான் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் தோல் பாழ். இது மேஸ்திரியின் வேலை. ஆனால் மேஸ்திரியின் நாக்கு சாராயத்தில் செத்துப் பல வருஷம் ஆகியிருந்தது. அவர் யாருக்கும் தெரியாமல் சவுரியம்மாளைக் குழியோரம் கூப்பிட்டு, "பாத்துச் சொல்லு" என்பார். அவள் சொல்வாள். தானே கண்டுபிடித்ததாக அவர் மானேஜரிடம் போய்ச் சொல்வார். இது யாருக்கும் தெரியாது என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார். எல்லாருக்கும் தெரியும் என்பது தெரியாத ஆள் கம்பெனியில் அவர் ஒருவர்தான்.

இப்பேர்ப்பட்ட நாக்குக்குச் சரியான தீனி போட்டவர் லின்.

லின் ஷாங்காய்க்காரர். கப்பலில் சமையல்காரராக இருந்தவர். அவர் ஊரில் குண்டு விழுந்து வீடும் வீட்டு மனிதர்களும் போன பிறகு திரும்பிப் போக மனமில்லாமல், கல்கத்தாவில் மூன்று வருஷம் இருந்தார். பிறகு பூட்ஸ் தைக்கும் ஒரு சிநேகிதனோடு ஆம்பூர் வந்து சேர்ந்தார். சிநேகிதன் ஆறு மாதத்தில் போய்விட்டான். லின் தங்கிவிட்டார். 1936-ஆம் வருஷம், ரயிலடிப் பக்கம் ஓடு வேய்ந்த ஒரு கூடத்தில் கடை போட்டார். நாலு மேஜை, எட்டு பெஞ்சு, ஒரு அடுப்பு, அடுக்கடுக்காக மூங்கில் தட்டுகள். அவ்வளவுதான் கடை.

அவர் செய்ததை ஊர் சீனாக் கொழுக்கட்டை என்றது. மைதா மாவைத் தேய்த்துத் தேய்த்து மெல்லிசாக்கி, உள்ளே கொத்துக்கறி வைத்து, உச்சியில் புடவைக் கொசுவம் மாதிரி மடிப்பு மடிப்பாகச் சுருக்கி, ஆவியில் வேகவைப்பார். அவர் ஊரில் பன்றிக் கறியில் செய்வதாம். ஆம்பூரில் அது நடக்காது என்று வந்த அன்றே தெரிந்துகொண்டு, கலீமுல்லா கசாப்புக் கடையில் ஆட்டுக்கறி வாங்கினார். அதிசயம் என்னவென்றால், கொழுக்கட்டையை ஓரத்தில் ஒரு கடி கடித்தால் உள்ளேயிருந்து சூடாகச் சாறு வாயில் பாயும். முழுசாக வாயில் போட்டு நாக்கைச் சுட்டுக்கொண்டவர்கள் ஆம்பூரில் அநேகம் பேர். மூடின மாவுக்குள் சாறு எப்படிப் போனது என்று ஊரே மண்டையை உடைத்துக்கொண்டது.

சவுரியம்மாளுக்கு அதைவிடப் பெரிய அதிசயம் பெஞ்சு.

கடைத்தெருவில் துரைசாமியின் காப்பி ஹோட்டல் இருந்தது. அங்கே அவள் தெரு ஜனங்கள் பின்பக்கச் சந்தில் நிற்க வேண்டும். சுவரில் தனியாக மாட்டி வைத்திருக்கும் தகர டம்ளரை எடுத்து நீட்டினால் உயரத்திலிருந்து காப்பியை ஊற்றுவார்கள். குடித்துவிட்டுக் கழுவி மாட்டிவிட்டு வர வேண்டும். கோயிலுக்குப் போய்விட்டு வெள்ளைப் புடவையும் ஜெபப்புத்தகமுமாக வந்தாலும் அதே சந்துதான், அதே தகரம்தான். லின்னின் கடைக்கு முதல் தடவை போனபோதும் அவள் பழக்கத்தில் வாசலோரம் நின்று கையை நீட்டினாள். அவர் துண்டை எடுத்து ஒரு பெஞ்சைத் துடைத்தார். "தீதி, பைட்டோ" என்றார். கல்கத்தாவில் கற்றுக்கொண்ட பேச்சு. சாயபுமார் தெருவைத் தாண்டி தினமும் வேலைக்குப் போகிறவளுக்கு, அக்கா, உட்காரு என்கிறார் என்று புரியாமல் இல்லை. முப்பத்தெட்டு வயதில் ஒரு கடைக்குள் உட்கார்ந்து அவள் சாப்பிட்டது அதுதான் முதல் தடவை. அன்றைக்கு என்ன தின்றாள் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. உட்கார்ந்தது மட்டும்தான் நினைவிருந்தது.

இரண்டாவது வாரத்திலிருந்து நாக்கு வேலையை ஆரம்பித்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் புருஷன் சாமுவேலோடு வந்து உட்காருவாள். லின் தட்டை வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு எதிரில் நிற்பார்.

"மாவு இன்னிக்குத் தடிப்பு அண்ணே. உச்சியில வேகவே இல்ல."

"அச்சா. மாவு ஜாஸ்தி."

"கறிக்குழம்புல சக்கரைய கொட்டிட்டீங்க. இது இன்னா, பாயசமா?"

"மேரா ஊர்ல சக்கரை போடும், தீதி."

"ஊர்ல போடுங்க, வேணான்னு சொல்லல. இங்க கம்மியா போடுங்க."

சாமுவேல் தலையைக் குனிந்துகொள்வான். ஓசியில் கிடைத்த மரியாதையை இவள் வாயால் கெடுத்துக்கொள்வாளோ என்று அவனுக்குப் பயம். ஆனால் லின் சிரிப்பார். அடுத்த ஞாயிறு சர்க்கரை குறைந்திருக்கும்.

அந்த வாய்தான் கெடுத்தது.

மார்கழி மாதம், நல்ல குளிர். விடியற்காலையில் வேலைக்குப் போகிற வழியில், லின்னின் கடைப் பின்கதவு திறந்திருந்ததை அவள் பார்த்தாள். உள்ளே ஒரு அகலத் தாம்பாளத்தில் பழுப்பு நிறத்தில் ஏதோ உறைந்து கிடந்தது. லின் அதைக் கத்தியால் துண்டு போட்டுக்கொண்டிருந்தார். வெட்ட வெட்ட அது நடுங்கியது. சவுரியம்மாளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தோல் கம்பெனியில் சுண்ணாம்பில் ஊறின தோலைச் சீவும்போது விழுகிற சவ்வையும் துண்டுகளையும் ஒரு ஆள் வண்டியில் அள்ளிக்கொண்டு போவான். அதைக் காய்ச்சித்தான் தச்சர்கள் பலகை ஒட்டுகிற வஜ்ரம் செய்வது. ஆறிப்போன வஜ்ரம் அச்சாக அதே நிறம், அதே நடுக்கம். பட்டைக் குழியோரம் போய் நின்றதும் அவள் சொன்னாள்: "சீனாக்காரர் கொழுக்கட்டைக்குள்ள சாறு எப்படிப் போவுதுன்னு கேட்டீங்களே. வஜ்ரம் வெட்டிட்டு இருக்கிறாரு, பாத்துட்டு வர்றேன்."

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். தோல் ஊரில் பிறந்தவர்களுக்கு மட்டுமே வரக்கூடிய தப்பு இது. வேறு ஊர்க்காரர்கள் பார்த்திருந்தால் அல்வா என்று நினைத்திருப்பார்கள்.

மத்தியானத்துக்குள் அந்தச் சிரிப்பு ரயிலடிக்குப் போய்விட்டது. சாயங்காலம் கடைத்தெருவுக்குப் போனபோது அதில் சிரிப்பு இல்லை. சீனாக்காரன் தோல் கம்பெனிக் கழிவை வாங்கிக் காய்ச்சி ஊருக்கு ஊட்டுகிறான் என்று ஆகிவிட்டது. இரண்டு பேருக்கு வாந்தி என்றார்கள். மறுநாள் அது எட்டுப் பேர் ஆனது. யார் அந்த எட்டுப் பேர் என்று யாரும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவள் போனபோது கடையில் ஈ, காக்கை இல்லை. லின் அவளை உள்ளே கூட்டிப் போய் மூடியிருந்த ஒரு அண்டாவைத் திறந்து காட்டினார். ஆட்டுக்கால். நாள் முழுக்கக் கொதிக்கவிட்டு வடிகட்டி வைத்தால் ராத்திரிக் குளிரில் உறைந்துவிடும். உறைந்ததைத் துண்டு போட்டுக் கறியோடு சேர்த்து மாவுக்குள் மூடினால், ஆவி பட்டதும் உருகிச் சாறாகிவிடும். கையைக் காலைக் காட்டி அவர் சொல்லி முடிப்பதற்குள் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"பாயா" என்றாள்.  அவமானத்தில் காது சுட்டது. வஜ்ரம் என்ற பேச்சைக் கிளப்பியது தான்தான் என்று அவரிடம் ஒப்புக்கொண்டாள். லின் அண்டாவை மூடி வைத்தார். பிறகு, "தீதி நாக்கு நல்லது. வாய் பேஜார்" என்றார். அவள் திட்டு வாங்கத் தயாராக வந்திருந்தாள். இது திட்டைவிட மோசமாக இருந்தது.

அன்றிலிருந்து அவள் தெருத் தெருவாக, குழி குழியாகப் போய்ச் சொன்னாள், அது ஆட்டுக்கால்தான் என்று. யார் கேட்டார்கள். கேலி போன வேகத்தில் அதைத் திருத்துகிற பேச்சு போவதில்லை.

இந்தச் சமயத்தில்தான் துரைசாமி அவளைத் தேடி வந்தார். காப்பி ஹோட்டல்காரர் மட்டுமல்ல, பஞ்சாயத்து போர்டு மெம்பரும் அவர்தான். சீனாக்காரர் கடை வந்த பிறகு ரயிலடிக் கிராக்கி பாதி போய்விட்ட எரிச்சல் அவருக்கு. அதைவிட, தன் சந்தில் நிற்க வேண்டியவர்கள் அங்கே பெஞ்சில் உட்காருகிறார்கள் என்கிற எரிச்சல். கடையை மூட வேண்டும் என்று போர்டில் மனு கொடுத்திருந்தார். அவள் தெருவுக்குள் வராமல் தெருமுனைப் புளியமரத்தடியில் நின்று ஆள் விட்டு அவளைக் கூப்பிட்டார்.

"சவுரி, நல்லா இருக்கிறியா?" என்றார். அந்தக் குரலை அவள் அதற்கு முன் கேட்டதே இல்லை. "ஞாயித்துக்கெழமை போர்டுலருந்து வந்து பாக்கப்போறாங்க. நீதான மொதல்ல பாத்தவ. வஜ்ரம்னு நீதான சொன்ன. அதையே வந்து சொல்லிடு, போதும்."

"நான் வெளையாட்டுக்குச் சொன்னது ஐயா."

"எப்படிச் சொன்னா இன்னா. சொன்ன இல்ல." சற்று நிறுத்தி, தெருவை ஒரு பார்வை பார்த்தார். "உங்க தெருவுக்குத் தண்ணிக் குழாய் கேட்டு மூணு வருஷமா மனு போட்டுட்டே இருக்கிறீங்க. இந்த வாட்டி நான் கவனிக்கிறேன்."

 அன்று முழுக்க வீட்டில் அதே பேச்சு. அவள் தெருப் பெண்கள் ஆற்றுமணலில் ஊற்றுத் தோண்டித்தான் குடத்தை நிரப்பினார்கள். சாமுவேல் ஒரு வார்த்தைதான் சொன்னான்: "யாரோ சீனாக்காரன். நாளைக்குப் போய்டுவான். நாம இங்கதான் இருக்கணும்."

"அதனாலதான்" என்றாள் அவள். "அவரு கடைய மூடினா நாம திரும்ப அந்தச் சந்துலதான் நிக்கணும்."

ஞாயிற்றுக்கிழமை காலை லின்னின் கடை வாசலில் ஊரே கூடிவிட்டது. சானிட்டரி இன்ஸ்பெக்டர் சம்பத் வேலூரிலிருந்து வந்திருந்தார். கோட்டும் தொப்பியுமாக ஒரு நோட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் துரைசாமி. கழிவு தன் கம்பெனியிலிருந்து போனதாகப் பேச்சு என்பதால் மானேஜர் நசீர் அகமதுவும் வந்திருந்தார். கடையில் செய்கிற எல்லாப் பண்டத்தையும் மேஜையில் வைக்க வேண்டும் என்று உத்தரவு. லின் துவைத்த சட்டை போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து வைத்தார்.  இந்தக் கடையும் போனால் அவருக்குப் போக இன்னொரு ஊர் மிச்சமில்லை.

"இந்தப் பொம்பளதான் சார் சாட்சி" என்றார் துரைசாமி. "மொதல்ல கண்டுபுடிச்சவ. தோல் கம்பெனில இவ நாக்குக்குத் தனிப் பேரு. சுண்ணாம்பு ஒரு பொட்டு இருந்தாலும் சொல்லிடுவா."

இதுவரை அந்தப் பெருமையை அவளுக்கு யாரும் நாலு பேர் முன்னால் கொடுத்ததில்லை. கொடுத்தவர் துரைசாமி என்பதை நினைத்து அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். முந்தானைக்குள்ளிருந்து ஒரு மண்சட்டியை எடுத்து மேஜையில் வைத்தாள்.

"இது இன்னா?" என்றார் சம்பத்.

"வஜ்ரம் சார். நசீர் சாயபுகிட்ட கேட்டு, சுண்ணாம்புல ஊறின சவ்வு வாங்கி நேத்து நானே காய்ச்சினது. அதுவும் இருக்கட்டும், இதுவும் இருக்கட்டும். ரெண்டையும் பாத்துட்டுச் சொல்றேன்."

முதலில் மேஜையில் இருந்த பண்டங்களை எடுத்தாள். அவசரப்படவில்லை. கருக வதக்கின வெங்காயத்தாள் போட்ட சேமியாவை ஒரு வாய் எடுத்தாள். "எண்ணெ ஜாஸ்தி. தாள் கருகி கசக்குது." துரைசாமி முகம் மலர்ந்தது. கறிக்குழம்பு. "சக்கரை இன்னும் கூடதான். கறி நல்லா வெந்திருக்குது." அடி முறுகச் சுட்ட கொழுக்கட்டை. "அடி நல்லா இருக்குது. மேல மாவு காஞ்சுபோச்சு. மூடி போட்டு இருக்கணும் அண்ணே." லின்னின் முகம் விழுந்துவிட்டது. ஆவியில் வெந்ததை எடுத்தாள். ஓரத்தைக் கடித்து, சாறை உறிஞ்சி, கண்ணை மூடி நின்றாள். "இது மட்டும் சொல்லக் கொற ஒண்ணும் இல்ல."

இதெல்லாம் எதற்கு என்று சம்பத் கேட்டார். "நான் நல்லத நல்லதுன்னும் கெட்டத கெட்டதுன்னும் சொல்றவன்னு தெரியணும் இல்ல சார், அதுக்குத்தான்" என்றாள்.

பிறகு லின் மேஜையில் வைத்திருந்த உறைந்த சாற்றுத் துண்டை எடுத்து நாக்கில் வைத்தாள். அடுத்து, சட்டியில் விரலை விட்டு வஜ்ரத்தை எடுத்து நாக்கில் வைத்தாள். முகத்தைச் சுளிக்காமல் துப்பினாள். வாயைக் கொப்பளித்துவிட்டுச் சொன்னாள்.

"வஜ்ரத்துல சுண்ணாம்பு நாக்க அரிக்குது. இவரு செஞ்சதுல சுண்ணாம்பு வாடையே இல்ல. ஆட்டுக்கால், இஞ்சி, உப்பு. வேற ஒண்ணும் இல்ல."

"அன்னிக்கு வஜ்ரம்னு சொன்னது யாரு?" துரைசாமியின் குரல் பழைய குரலாகிவிட்டது.

"நான்தான்" என்றாள், கூட்டத்தைத் திரும்பிப் பார்த்து. "கண்ணால பாத்தேன், நாக்குல வெக்காம சொல்லிட்டேன். தப்பு என்னுது. இவரு மேல ஒரு தப்பும் இல்ல."

"ஒரு கூலிக்காரி நாக்க நம்பி போர்டு முடிவு எடுக்கணுமா சார்?"

"நீங்கதான ஐயா இந்த நாக்கச் சாட்சிக்குக் கூப்ட்டீங்க. இப்ப நம்பிக்க இல்லேன்னா ரெண்டும் எதிர்லயே இருக்குது. நீங்களே வெச்சுப் பாருங்க."

மண்சட்டியை அவர் பக்கம் தள்ளினாள். துரைசாமி நாற்காலியைப் பின்னால் நகர்த்தினார். சம்பத் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டார். கூட்டத்தில் ஒருவரும் முன்னால் வரவில்லை.

"யாரும் வெக்க மாட்டீங்க இல்ல? அப்ப வெச்சவ சொல்றததான் கேக்கணும்."

நசீர் அகமது தாடியைத் தடவிக்கொண்டார். "இன்ஸ்பெக்டர் சாப், இந்த நாக்கை நம்பித்தான் எங்க தோல் சீமைக்குக் கப்பல் ஏறுது" என்றார். மேஸ்திரி கூட்டத்தில் பின்வாங்கி மறைந்தார்.

துரைசாமி எழுந்து அவள் பக்கத்தில் வந்து தணிந்த குரலில், "குழாய் வேணாமா?" என்றார். சவுரியம்மாளுக்குத் தணிந்த குரலில் பேசத் தெரியாது.

"எல்லாரும் கேட்டுக்குங்க. வஜ்ரம்னு சொன்னா எங்க தெருவுக்குக் குழாய் போடுறேன்னாரு ஐயா. நாங்க வரி கட்டறோம், எங்களுக்குக் குழாய் வரணும். மனு மறுபடியும் போடுவோம், வர்ற வரைக்கும் போடுவோம். நான் பொய் சொன்னேன்னு வர்ற தண்ணி எனக்கு வேணாம்."

அவள் தெருப் பெண்கள் கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்தார்கள். யாரும் கை தட்டவில்லை. ஆனால் யாரும் தலையைக் குனியவும் இல்லை.

சம்பத் அன்று மத்தியான ரயிலைப் பிடிக்க வேண்டும். துரைசாமி அவரைத் தனியே கூட்டிக்கொண்டு போய்க் கொஞ்ச நேரம் பேசினார். சம்பத் திரும்பி வந்து, ஒரு காகிதத்தில் எழுதி முத்திரை குத்தி லின்னிடம் கொடுத்துவிட்டு வண்டி ஏறிவிட்டார். முத்திரையைப் பார்த்த லின் சந்தோஷத்தில் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மிஷன் பள்ளியில் நாலாவது படித்த சவுரியம்மாள் வாங்கிப் படித்தாள்.

கடை நடத்தலாம். ஆனால் சுகாதாரத்தை முன்னிட்டு, தோல் கம்பெனிக் கூலி ஜனங்கள் கடைக்குள் உட்காரக் கூடாது. அவர்களுக்கு வெளியில்தான் பரிமாற வேண்டும். மீறினால் லைசென்ஸ் ரத்து.

இரண்டு தடவை படித்தாள்.  இத்தனை பேர் முன்னால் வஜ்ரத்தை நாக்கில் வைத்துத் துப்பி அவரைக் காப்பாற்றினாள். அதற்குக் கூலி மறுபடியும் வாசலோரம். லின்னுக்கு அவள் சொல்லிப் புரியவைத்தபோது அவர் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. காகிதத்தைப் பிடுங்கிக் கிழிக்கப் போனார்.

"கிழிக்காதீங்க. கிழிச்சா மூடிடுவாங்க. அவங்களுக்கு அதுதான் வேணும்." மூன்றாவது தடவையும் படித்தாள். "நாங்க வெளிய சாப்புடணும்னு போட்டிருக்குது. மத்தவங்க உள்ளதான் சாப்புடணும்னு எங்கயும் போடல." நிமிர்ந்து கடையைப் பார்த்தாள். "யோவ் சாமுவேலு, அந்தப் பக்கம் புடி."

சாமுவேல் ஒருதடவை தெருவைப் பார்த்தான், ஒருதடவை பெண்டாட்டியைப் பார்த்தான். பிறகு பெஞ்சின் மறுமுனையைப் பிடித்தான். அவள் தெருப் பெண்களும் வந்து கை கொடுத்தார்கள். எட்டு பெஞ்சும் நாலு மேஜையும் வெளியே புங்கமரத்தடிக்கு வந்துவிட்டன. உள்ளே அடுப்பும் மாவு மூட்டையும் மட்டும்.

முதல் இரண்டு நாள் ஒருவரும் வரவில்லை. மூன்றாம் நாள் ரயிலடிக் குமாஸ்தா வந்தார். உள்ளே போகப் பார்த்தார், உட்கார இடமில்லை. வெளியே வந்து ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார். பசிக்கிற மனுஷன் எத்தனை நேரம் யோசிப்பான். அடுத்த வாரம் நசீர் அகமதுவே தன் ஆட்களோடு வந்தார். பட்டைக் கறை போகாத கைகளும் மை ஒட்டின கைகளும் ஒரே மேஜையில் தட்டை இழுத்துக்கொண்டன.

மூன்றாவது ஞாயிறு உத்தரவு நடக்கிறதா என்று பார்க்க சம்பத் வந்தார். துரைசாமி எழுதிப் போட்டிருப்பார். மரத்தடியில் கூட்டம். நடுவில் சவுரியம்மாள் தட்டு வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். சம்பத் கடைக்குள் எட்டிப் பார்த்தார், வெளியே பார்த்தார், காகிதத்தை வாங்கிப் படித்தார். தான் எழுதினது ஒரு எழுத்து மாறாமல் நடந்துகொண்டிருந்தது. காகிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். ரயிலுக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. அடுப்பிலிருந்து வந்த ஆவி அவர் முகத்தில் பட்டது.

ஆபீசர் வந்து நின்றால் எழுந்து நிற்க வேண்டும். சவுரியம்மாளின் முழங்கால் முப்பத்தெட்டு வருஷப் பழக்கத்தில் தானாகவே அசைந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அதை அடக்கினாள். எழுந்திருக்கவில்லை. கொஞ்சம் நகர்ந்து, பக்கத்தில் ஒரு ஆள் உட்காருகிற அளவு இடம் விட்டாள்.

"உக்காருங்க சார்" என்றாள். "இன்னிக்கு மாவு நல்லா வந்திருக்குது."

சம்பத் தொப்பியைக் கழற்றினார். இரண்டு பக்கமும் ஒருமுறை பார்த்தார். உட்கார்ந்தார்.